காற்றும் பெட்ரோலும் அளவோடு

கோலார் தங்கவயலில் 2001ஆம் ஆண்டு தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பிறகு பலர் வேலை தேடித் தினமும் ரயிலில் பெங்களூர் போய் வருகிறார்கள். சிலர் ஊரிலேயே வண்டி ஓட்டிப் பிழைக்கிறார்கள். அவர்களுக்கு வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

ஒருவரிடம் மகிந்திரா பெட்ரோல் ஜீப் பிக்கப் இருக்கிறது. மிகப் பழைய வண்டி. அதில் தக்காளி ஏற்றிக்கொண்டு வி.கோட்டை வழியாகப் பேரணாம்பட்டுக்குப் போவார். போகும்போது மலைப்பாதையில் இறக்கம். திரும்பும்போது ஏற்றம். சில நாட்களாக வண்டி ஏற்றத்தில் திணறுகிறது. கரும்புகை விடுகிறது. பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. அவர் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் வந்தார்.

"அண்ணா, கார்புரேட்டர் தேய்ந்து போச்சு. இதைவிடப் பெரிசா ஒண்ணு வாங்கிப் போடலாமா? வண்டி நல்லா இழுக்கும் இல்லையா?"

"அவசரப்படாதே தம்பி. முதல்ல கார்புரேட்டர் என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கோ" என்றார் மெக்கானிக்.

கார்புரேட்டரின் வேலை

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று தேவை. இரண்டையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவதுதான் கார்புரேட்டரின் வேலை.

கார்புரேட்டரின் நடுவில் குறுகிய தொண்டை ஒன்று உண்டு. காற்று அதன் வழியே வேகமாகப் பாயும். அங்கே காற்றின் அழுத்தம் குறையும். அதனால் பெட்ரோல் உறிஞ்சப்பட்டு, காற்றோடு கலந்து போகும். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை ஜெட் என்னும் சிறு துளை முடிவு செய்கிறது.

மண்ணெண்ணெய் ஸ்டவ்வை நினைத்துப் பாருங்கள். காற்று போதவில்லை என்றால் மஞ்சள் தீ எரியும். பாத்திரத்தில் கரி பிடிக்கும். எஞ்சினிலும் அப்படியே. பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை வரும். பிளக்கில் கரி படியும். பெட்ரோல் குறைந்தாலோ எஞ்சின் சூடேறும். சில நேரம் கார்புரேட்டர் வழியாகவே 'பட்' என்று வெடிக்கும்.

பெரியது நல்லதா?

"பெரிய தொண்டை இருந்தா காத்து நிறையப் போகும் இல்லையா அண்ணா?"

"எஞ்சின் வேகமாச் சுத்தும்போது போகும். ஆனா நீ ஏத்தத்துல பாரத்தோட மெதுவாத்தானே ஏறுறே? அப்போ பெரிய தொண்டையில காத்தோட வேகம் குறைஞ்சிடும். பெட்ரோல் சரியாக் கலக்காது. வண்டி இன்னும் திணறும். உன் எஞ்சின் 2.2 லிட்டர், நாலு சிலிண்டர். அதுக்குப் பொருத்தமானதை வாங்கு."

அமெரிக்க வில்லிஸ் போர்க்கால ஜீப்பில் கார்ட்டர் கார்புரேட்டர் இருந்தது. மகிந்திரா பெட்ரோல் ஜீப்புகளில் சோலெக்ஸ் வகை பரவலாக இருந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் புதிய பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் மறையத் தொடங்கியது. இப்போது பழைய வண்டிகளுக்கு வெளிக் கம்பெனிகள் செய்யும் கார்புரேட்டர்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. தரம் ஒன்று போல் இருக்காது. எனவே கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். இவற்றைப் பாருங்கள்:

1. அடிப்பாகத்தின் போல்ட் துளைகள் பழையதோடு பொருந்துகின்றனவா?
2. தொண்டையின் அளவு ஒன்றா?
3. ஜெட்டில் உள்ள எண் ஒன்றா? சோலெக்ஸ் ஜெட்டில் 120 என்றிருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். எண் கூடினால் பெட்ரோலும் கூடும்.
4. ஆக்ஸிலேட்டர் கம்பியும் சோக் கம்பியும் மாட்ட இடம் இருக்கிறதா?
5. பட்டர்பிளை தகட்டின் அச்சு ஆடுகிறதா? ஆடினால் வாங்காதீர்கள். அந்த இடுக்கில் காற்று புகும்.

மாற்றும் முன்

"எல்லாப் பழியையும் கார்புரேட்டர் மேல போடாதே தம்பி" என்றார் மெக்கானிக். ஏர் பில்டர் அடைத்திருந்தாலும் கரும்புகை வரும். பிளக், பாயிண்ட், டைமிங் சரியில்லை என்றாலும் வண்டி இழுக்காது. அவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். சில நேரம் புதுக் கார்புரேட்டரே தேவைப்படாது.

ஜெட் அடைத்திருந்தால் ஸ்டவ் பின்னால் குத்தக் கூடாது. துளை பெரிதாகிவிடும். பிறகு பெட்ரோல் வீணாகும். காற்று அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

டியூனிங் செய்யும் முறை

எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். புதுப் பேக்கிங் வைத்துக் கார்புரேட்டரை மாட்டுங்கள். பெட்ரோல் டியூப்பையும் புதிதாகப் போடுங்கள். அருகில் பீடி, சிகரெட் கூடாது. ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

1. மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருப்புளியால் மெதுவாக உள்ளே முழுவதும் திருப்புங்கள். இறுக்காதீர்கள். முனை கெட்டுவிடும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள்.
2. பேட்டரி ஒயரை மாட்டி எஞ்சினை ஓடவிடுங்கள். நன்றாகச் சூடாகட்டும். சோக்கை முழுவதும் திறந்துவிடுங்கள்.
3. மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாக உள்ளே திருப்புங்கள். எஞ்சின் தடுமாறும் இடத்தில் நிறுத்துங்கள்.
4. இப்போது மெல்ல வெளியே திருப்புங்கள். எஞ்சின் சீராகவும் வேகமாகவும் ஓடும் இடம் வரும். அதுவே சரியான இடம்.
5. ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். மறுபடி ஒருமுறை மிக்ஸர் ஸ்க்ரூவைச் சரிபாருங்கள்.

இது சோலெக்ஸ் வகைக்கு. சிலவகைக் கார்புரேட்டர்களில் அந்த ஸ்க்ரூ காற்றைக் கட்டுப்படுத்தும். அவற்றில் உள்ளே திருப்பினால் பெட்ரோல் பங்கு கூடும்.

இந்த வேலையைக் கதவு மூடிய ஷெட்டில் செய்யாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இருக்கிறது. அதற்கு மணமில்லை. ஆளைக் கொன்றுவிடும்.

ஊரும் பெட்ரோலும்

"சென்னையிலே செட் பண்ணின கார்புரேட்டர்னு கடைக்காரர் சொன்னார். அப்படியே போடலாமா அண்ணா?"

"கூடாது. சென்னை கடலோரம். நம்ம ஊர் 800 மீட்டருக்கு மேல உயரம். இங்கே காத்து கொஞ்சம் லேசு. அதே செட்டிங்குல பெட்ரோல் பங்கு கூடிடும்."

இன்னொரு மாற்றமும் உண்டு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூரில் அறிமுகமானது. பிறகு நாடெங்கும் பரவியது. எத்தனால் கலந்தால் எரிபொருள் சற்றுக் கூடுதலாக வேண்டும். உயரம் ஒரு பக்கம் இழுக்கிறது. எத்தனால் மறுபக்கம் இழுக்கிறது. ஆகவே வண்டி ஓடும் ஊரில், அங்கே கிடைக்கும் பெட்ரோலைப் போட்டுத்தான் டியூனிங் செய்ய வேண்டும். எத்தனால் பழைய ரப்பர் டியூப்பையும் கெடுக்கும். கசிவு இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். கசிந்தால் தீப்பிடிக்கும்.

கடைசியாக, பாரம் ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஆறவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. புகைச் சோதனையும் செய்து சான்று வாங்குங்கள்.

கணக்குப் போடுங்கள்

ஒரு வண்டி தினமும் 60 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்தால் 7.5 லிட்டர் பெட்ரோல் செலவாகும். 6 கிலோமீட்டர்தான் கொடுத்தால் 10 லிட்டர் செலவாகும். மாதம் 25 நாள் ஓடினால் எத்தனை லிட்டர் வீண்? உங்கள் ஊர் விலையில் அது எத்தனை ரூபாய்?

விடை சொல்லுங்கள்

1. பெரிய கார்புரேட்டர் ஏற்றத்தில் ஏன் உதவாது?
2. ஜெட்டை ஏன் பின்னால் குத்தக் கூடாது?
3. பிளக்கில் கரி படிந்திருந்தால் என்ன பொருள்?
4. மூடிய ஷெட்டில் எஞ்சினை ஏன் ஓடவிடக் கூடாது?