ஓடும் முன் எவ்வளவு நேரம் நீட்டலாம்?

நாஃபா உடலுறுதித் தேர்வு நாள். உயர்நிலை இரண்டு மாணவர் ஒருவர் திடலோரம் அமர்ந்து, கால்விரல்களைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். அடுத்து அவர் ஓட வேண்டும். "ரெண்டு நிமிஷமா இப்படியே இருக்கேன் சார், நல்லா இழுத்து வச்சா வேகம் வரும்" என்றார். அவர் வயதில் நானும் அப்படித்தான் நம்பினேன்.

முழு வேகத்தில் ஓடுபவரின் பாதம் தரையில் இருப்பது ஏறக்குறைய 0.1 விநாடிதான். அதற்குள் குதிகால் தசைநாண் சற்றே நீண்டு ஆற்றலைச் சேமித்து, உடனே சுருங்கி உடலை முன்னே தள்ளுகிறது. சுருள்வில்லைப் போல, அதற்கும் விறைப்பு தேவை. ஒரே தசையை 1 நிமிடத்துக்கும் மேல் அசையாமல் இழுத்து வைத்தால் அந்த விறைப்பு கொஞ்ச நேரம் குறைகிறது. தசைக்குப் போகும் நரம்புத் தூண்டலும் மந்தமாகிறது.

இழப்பு சிறியதுதான். பேச்சுக்கு 1 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சி. குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனை 33 ஆண்டுகள் நின்றது. 2001இல் யு.கே. ஷியாம் அதை முறியடித்த நேரம் 10.37. வித்தியாசம் 0.01 விநாடி! 10.38இல் 1 விழுக்காடோ 0.1 விநாடிக்கும் மேல். அதாவது பத்து மடங்கு.

நெகிழ்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. இடுப்பு இறுகியிருந்தால் முழங்கால் உயராது. தடை ஓட்டக்காரருக்கு நெகிழ்வு இல்லாமல் முடியாது. நீண்ட நேர நீட்சியைப் பயிற்சி முடிந்த பிறகு செய்யலாம். ஓடும் முன் மெதுவோட்டம், முழங்கால் உயர்த்தல், கால் வீச்சு, பிறகு இரண்டு மூன்று குறுகிய வேக ஓட்டங்கள். நம் ஊர் வெயிலில் சும்மா நின்றாலே வேர்க்கும். அதை வார்ம் அப் என்று எண்ணிவிடாதீர்கள். இடையில் 20 விநாடி நீட்டினால் பாதகமில்லை.

நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் ஓட்டத்தை அளக்க வேண்டாம். கையால் அழுத்தும் நிறுத்துக் கடிகாரத்தின் பிழையே இந்த இழப்பைவிடப் பெரியது. நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுங்கள், அளவுநாடா போதும். ஒரு நாள் நீட்டிவிட்டு, மறுநாள் துள்ளி ஓடிவிட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து தாண்டல்கள். சில வாரங்கள் மாற்றி மாற்றிச் செய்து, சராசரிகளை ஒப்பிடுங்கள். அந்த மாணவரின் குறிப்பேட்டில் இதுவரை இரண்டு நாள் கணக்கு ஏறியிருக்கிறது.