இரண்டு நாளில் வருவது மறதி நோய் அன்று

செய்யாற்றங்கரையில் உள்ள பெருநகரிலும், உத்திரமேரூர் வட்டத்தின் சுற்று வட்டார ஊர்களிலும், வயதானவர் ஒருவர் திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசத் தொடங்கினால், "வயசாயிடுச்சு, புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று திண்ணையிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அதையே "அம்மாவுக்கு டிமென்ஷியா வந்துவிட்டது" என்று சொல்லப் பழகியிருக்கிறார்கள். சொல் மாறியிருக்கிறதே தவிர, பிழை அப்படியேதான் இருக்கிறது. முந்தாநாள் வரை பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றி, லிட்டர் கணக்கைப் பிசகாமல் ஒப்பித்த மூதாட்டி, இன்று அந்தியில் பெற்ற மகளையே யாரென்று கேட்டு, போர்வையில் எறும்பு ஊர்வதாகச் சொல்லித் தட்டிக்கொண்டிருந்தால், அது மறதி நோய் அன்று. அது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய உடல்நோய்.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய், மூளையின் நரம்பணுக்கள் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைவதால் வருவது. அது தொடங்கிய நாளை வீட்டார் எவராலும் குறிப்பிட முடியாது. டெலிரியம் என்பது, உடலில் ஏற்பட்ட வேறொரு கோளாறு மூளையின் வேலையைச் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ குலைத்துவிடும் நிலை; காலையில் தெளிவாக இருப்பவர் இருட்டத் தொடங்கியதும் குழம்புவார், பேச்சைத் தொடர்ந்து கவனிக்க மாட்டார், பகலில் உறங்கி இரவில் எழுந்து நடப்பார். பக்கவாதத்தால் நினைவு ஒரே நாளில் குலைவதும் உண்டு என்றாலும், அதுவும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடியதன்று. காய்ச்சல் வேகத்தில் பிதற்றுபவரை "ஜன்னி கண்டிருக்கிறது" என்று முன்னோர் சொன்னபோது, நோய் தணிந்தால் பிதற்றலும் தணியும் என்ற அறிவு அந்தச் சொல்லுக்குள் இருந்தது. யாழ்ப்பாணத்தார் முதுமையின் நினைவுக் கேட்டை "அறளை பெயர்தல்" என்று வேறாகவே சொல்லிவந்தனர். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்த மொழியில், இன்று இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதை மன்னிக்க இயலாது.

இந்தக் குழப்பத்தின் விலை உயிராக இருக்கலாம். முதியவர் உடலில் சிறுநீர்த் தொற்றோ நுரையீரல் சளிக்காய்ச்சலோ கடுமையாக இருக்கும்போதும் உடம்பு சுடாமல் இருக்கலாம். பேச்சுத் தடுமாற்றம் ஒன்றே அதன் முதல் அறிகுறியாக வெளிப்படலாம். சிறுநீர் அடைத்துக்கொள்வதும், நாட்கணக்கில் மலம் கட்டிக்கொள்வதும்கூட அவரைக் குழப்பத்தில் தள்ளப் போதுமானவை. சிறுநீரைக் கூட்டும் வகை ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, சித்திரை வெயிலில் கழனிக்குப் போய் வருபவருக்கு, லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் இறங்கிவிடுகிறது. "உப்பு குறைஞ்சிடுச்சு" என்று ஊரார் சொல்வது இதைத்தான். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கஞ்சியைக் குடிக்காமல் படுத்தவருக்கு, ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி மூளை தடுமாறுகிறது. அவருடைய மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்துப் பார்த்தால், மெடிக்கல் கடையில் சளிக்கென்று கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின், யாரோ கொடுத்த அல்பிரசோலம், என்றோ தொடங்கி நிறுத்தப்படாத டிரைஹெக்சிபெனிடில் என்று கிழிந்த அட்டைகள் விழும். மூன்றுமே முதிய மூளையைக் குழப்பவல்லவை. இந்தக் காரணங்களில் பெரும்பாலானவற்றை ஒரு குளுக்கோமீட்டரும், ஒரு ரத்தப் பரிசோதனையும், சிறுநீர்ப் பரிசோதனையும், கவனமான மருத்துவர் ஒருவரும் சேர்ந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

ஏற்கெனவே மறதி நோய் உள்ளவர் திடீரென்று மோசமானால், "அது முற்றிப்போச்சு, இனிமே என்ன செய்யறது" என்று கைகழுவுவதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இருப்பு குறைந்த அவர்களுடைய மூளையைச் சிறு தொற்றும் சாய்த்துவிடும் என்பதால், டெலிரியம் மிக எளிதில் தாக்குவதும் அவர்களைத்தான். மறுதிசையிலும் உறவு உண்டு. பின்லாந்தின் வான்டா நகரில் 85 வயதைத் தாண்டியோரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில், டெலிரியம் வந்துபோனவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் தொடங்கும் வாய்ப்பு பன்மடங்கு கூடியிருந்தது. ஆகவே குழப்பம் தெளிந்து வீடு திரும்பியவரின் நினைவாற்றலை, சில மாதங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. காற்றுக் கருப்பு பட்டதென்று மந்திரிக்கப் போய்த் திரும்பும் நேரத்தில் சோடியம் இன்னும் இறங்கியிருக்கும். இறந்த கணவர் வாசலில் நின்று கூப்பிடுகிறார் என்று மூதாட்டி சொல்வது சாவுக்கான முன்னறிவிப்பு அன்று. டெலிரியத்தில் இல்லாத உருவங்கள் தெரிவது வழக்கம். கூச்சலிடாமல் சுவரைப் பார்த்துக் கிடப்பவர் "அமைதியாக இருக்கிறார்" என்று விட்டுவிடக் கூடாது. ஒடுங்கிக் கிடக்கும் டெலிரியமே பெரிதும் தவறவிடப்படுவது. வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுப்பதும், கையைக் கட்டிலோடு கட்டுவதும் குழப்பத்தை வளர்க்கும். உப்பு குறைந்ததென்று தாமாகவே உப்பைக் கரைத்துப் புகட்டவும் கூடாது. சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளையே சேதமடையும் என்பதால், மருத்துவமனையில் அளந்துதான் ஏற்றுகிறார்கள்.

தடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 70 வயதைத் தாண்டிய 852 நோயாளிகளிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீர் குடிக்கவைத்தல், கண்ணாடியையும் காதுக்கருவியையும் மாட்டிவிடுதல், நடக்கவைத்தல், இரவில் உறங்கவிடுதல், நாளையும் இடத்தையும் நினைவூட்டுதல் ஆகியவற்றாலேயே டெலிரியம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தது.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இன்னுமொரு சோதனையைக் கற்றுக்கொடுக்க ஒரு பகற்பொழுது போதும். கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வதே அது. பள்ளிக்கூடம் போகாதவரும் சொல்லக்கூடியது. மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர் நேற்றுத் தின்றதை மறந்திருந்தாலும் பெரும்பாலும் ஞாயிறு வரை வந்துவிடுவார். டெலிரியத்தில் இருப்பவர் வியாழனில் நின்று கூரையைப் பார்ப்பார். சென்ற மாதம் சொன்னவர் இந்த மாதம் சொல்லவில்லை என்று பதிவேட்டில் ஒரு வரி இருந்தால், வண்டியை வரவழைக்க அதுவே போதிய காரணம். சுகாதாரத் துறை இதை உடனே சேர்க்க வேண்டும். அதுவரை, குழம்பியவரை 108 ஆம்புலன்ஸில் ஏற்றும் வீட்டார், அவருடைய மாத்திரைப் பையையும், மூக்குக்கண்ணாடியையும், போன வாரம் அவர் எப்படி இருந்தார் என்று மருத்துவரிடம் சொல்லத் தெரிந்த ஒருவரையும் உடன் அனுப்ப வேண்டும்.