மடிக்கணினி வாங்கும்போது ரெம் எவ்வளவு?

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் பல வீடுகளில் மடிக்கணினிப் பேச்சு எழும். கடைக்காரர் "512 ஜிபி" என்றதும் வாப்பாமார் திருப்தியடைகிறார்கள். அது கோப்புகளைச் சேமிக்கும் அலுமாரி. நாம் விசாரிக்க வேண்டியது ரெம் என்னும் பிரதான நினைவகத்தை. அதுதான் படிக்கும் மேசை. மேசை நிரம்பினால் கணினி ஒவ்வொன்றாக அலுமாரிக்கு மாற்றி மாற்றி எடுக்கும்; வேலை மந்தமாகும்.

2021இல் வந்த விண்டோஸ் 11க்கு ஆகக் குறைந்தது 4 ஜிபி ரெம் வேண்டும். அதில் கணினி திறக்கும், அவ்வளவுதான். சூம் வகுப்பு, குரோம், வேர்ட் மூன்றையும் ஒன்றாகத் திறக்க 8 ஜிபியாவது தேவை. பாடத்திலுள்ள பைதனுக்கும் தரவுத்தளத்துக்கும் அது தாராளம். காணொளித் தொகுப்பு, கட்டட வரைபடம் என்று போகிறவருக்கு 16.

இப்போது 16க்குக் காசு போதாதா? பின்னர் கூட்டலாமா என்று கேளுங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரெம் தாய்ப்பலகையோடு பற்றாசு வைக்கப்பட்டிருக்கும்; வாங்கிய அளவோடு சரி. கொழும்பில் வாங்கித் தலவாக்கலைக்குக் கொண்டுவந்தபின் மாற்ற அலைவது லேசல்ல. ஆகவே கடையிலேயே மாதிரி எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விபரத்தைப் பாருங்கள். வெற்று ஸ்லொட் இருந்தால் 8 ஜிபியோடு எடுத்து, பல்கலைக்கழகம் போகும்போது இன்னொரு 8 போடலாம். வகை மட்டும் ஒன்றாக இருக்கட்டும்: டிடிஆர்4 உள்ளதில் டிடிஆர்5 பொருந்தாது.