உல்லாசப் பயணமா? முதலில் நாட்களை எண்ணுங்கள்!

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுகிறவர்கள் மாதக்கணக்கில் மஸ்அலாக்களைப் படிக்கிறார்கள். ஆலிம்களிடம் சென்று ஐயம் தெளிகிறார்கள். ஆனால் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலேசியாவுக்குச் சென்று வர நினைப்பவர்களோ, டிக்கெட், ஹோட்டல், புதுத்துணி என்ற மூன்றோடு ஆயத்தத்தை முடித்துக்கொள்கிறார்கள். ஊர் சுற்றிப் பார்க்கச் செல்வதும் ஸஃபர்தான். ஆகுமான நோக்கத்தோடு செல்லும் அந்த ஸஃபருக்கும் சட்டங்கள் உண்டு, சலுகைகளும் உண்டு.

அந்நிய நாட்டில் இறங்கியதும் குடிநுழைவு அதிகாரி கேட்பது இரண்டு கேள்விகள்: "எத்தனை நாள் தங்குவீர்கள்? எங்கே தங்குவீர்கள்?" நம் ஷரீஅத்தும் முஸாஃபிரிடம் இதே இரண்டைத்தான் கேட்கிறது. ஆகவே பயணத் திட்டத்தையும் தொழுகைத் திட்டத்தையும் ஒரே தாளில் எழுதிக்கொள்வதே அறிவுடைமை. அதற்கான வழியை மலேசியப் பயணத்தை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

முதலில் கடன்

பெட்டியைத் திறப்பதற்கு முன் கணக்கு நோட்டைத் திறக்க வேண்டும். தவணை வந்துவிட்ட கடனைத் தீர்க்க வசதியிருந்தும் தீர்க்காமல் பயணம் புறப்படுவதானால் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும் என்று ஷாபிஈ மத்ஹபின் சட்டநூல்கள் கூறுகின்றன. கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காமல் கோலாலம்பூரின் கோபுரங்களைப் பார்த்து வருவதில் என்ன பரக்கத் இருக்க முடியும்? ஸகாத்தின் ஆண்டு நிறைவு பயண நாட்களில் வருமானால், முன்கூட்டியே கொடுத்துவிடலாம். பிறருடைய அமானிதங்கள் நம்மிடம் இருந்தால், அவற்றின் விவரத்தை எழுதி வீட்டில் நம்பிக்கையானவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

பயணத் தாள்கள்

மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை மறவாமல் பாருங்கள்; பெரியவர்களுடையதைவிட அவை விரைவில் காலாவதியாகும். இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் சென்று வர 2023 டிசம்பர் 1 முதல் அந்நாடு அனுமதி அளித்தது; அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. டிக்கெட் வாங்கும் அன்று நடப்பில் உள்ள விதியை விசாரித்துக்கொள்ள வேண்டும். 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மின்னணு வருகை அட்டையை, இறங்கும் நாளுக்கு முந்திய 3 நாட்களுக்குள் பூர்த்தி செய்ய வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டும் தங்குமிட விலாசமும் கையில் இருக்கட்டும். ஹோட்டல் வாடகையோடு, வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

எத்தனை நாள்? எந்த ஊர்?

முஸாஃபிர் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகைக்குத் திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 101ஆம் வசனம் ஆதாரமாகும். லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகும். ஸுப்ஹுக்கும் மஃரிபுக்கும் கஸ்ரு இல்லை. ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே இச்சலுகை தொடங்கும். வீட்டுக் கூடத்தில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டதால் ஒருவர் முஸாஃபிர் ஆகிவிடமாட்டார்.

சென்றடைந்த ஊரில் என்ன சட்டம்? ஷாபிஈ மத்ஹபில், வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக, ஓரிடத்தில் 4 முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தவர் அங்கே சேர்ந்ததுமே முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அந்த எல்லை 15 நாட்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒருவர் சனிக்கிழமை கோலாலம்பூரில் இறங்கி, வெள்ளிக்கிழமை வரை அங்கேயே தங்குகிறார். இடையில் ஞாயிறு முதல் வியாழன் வரை 5 முழு நாட்கள். அவர் ஷாபிஈயாக இருந்தால் கஸ்ரு, ஜம்உ இரண்டும் இல்லை. ஜும்ஆவும் அவர்மீது கடமையாகிவிடும். ஹனஃபியாக இருந்தால் கஸ்ரு செய்வார். இன்னொருவர் சனிக்கிழமை இறங்கி, செவ்வாய்க்கிழமை பினாங்குக்குச் சென்று, வெள்ளிக்கிழமை அங்கிருந்து திரும்புகிறார். ஒவ்வோர் ஊரிலும் அவருக்கு 2 முழு நாட்கள்தாம். அவர் ஷாபிஈயானாலும் பயணம் முழுவதும் முஸாஃபிரே. லுஹரையும் அஸரையும் சேர்த்தும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் அவர் தொழலாம். ஹனஃபி மத்ஹபினருக்கு இவ்வாறு சேர்த்துத் தொழுவது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டுமே.

செலவு ஒன்றாக இருக்கலாம், நாளும் ஒன்றாக இருக்கலாம், சட்டம் மாறிவிடுகிறது! ஆகவே ஹோட்டலுக்குப் பணம் கட்டும்போதே நிய்யத்தும் தெளிவாகிவிட வேண்டும். இன்னொன்று: உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும் முஸாஃபிர் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிடலாகாது; இமாமோடு நான்கையும் நிறைவு செய்ய வேண்டும். பினாங்கில் 1801இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழ விரும்புகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இரவு விமானமும் ஸுப்ஹும்

சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 4 மணி நேரப் பறப்பு. அந்நாட்டுக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. இரவு 12 மணிக்குப் புறப்பட்டால், இறங்கும்போது அங்கே காலை 6.30 ஆகியிருக்கும். நம் உடம்புக்கோ அது விடியற்காலை 4 மணி! அங்கே சூரியன் உதிப்பது 7 மணிக்கும் 7.30க்கும் இடையில். குடிநுழைவு வரிசையில் நின்றுகொண்டிருக்கையிலேயே ஸுப்ஹு களாவாகிவிடக்கூடும். ஸுப்ஹை வேறு எந்தத் தொழுகையோடும் சேர்க்கவும் வழியில்லை.

ஆகவே இயன்றவர்கள் பகல் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். இரவு விமானம்தான் என்றால் ஒளுவோடு ஏறுங்கள். இறங்கியதும் சாமான்களைத் தேடுவதற்கு முன் தொழுமிடத்தைத் தேடுங்கள். அங்கே அதற்கு 'சுராவ்' என்று பெயர். முழு ஒளுவுக்குப் பின் தோலுறை அணிந்தால், முஸாஃபிர் 3 பகல் 3 இரவு அதன்மீது மஸ்ஹு செய்துகொள்ளலாம். விமானத்தின் குறுகிய கழிவறையில் காலைக் கழுவச் சிரமப்படுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இலேசு!

மலேசியாவிலும் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. பெரும்பாலான ஹோட்டல் அறைகளில் கூரையிலோ மேசை இழுப்பறையிலோ அம்புக்குறி இருக்கும். உணவுக்கடையில் 'பன்றி இறைச்சி இல்லை' என்ற பலகை மட்டும் போதாது. 'ஜாக்கிம்' துறையின் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அங்குள்ள மின்செருகியில் மூன்று தட்டையான முனைகள் இருப்பதால் அதற்கேற்ற இணைப்பியை எடுத்துச் செல்லுங்கள். மருந்துகளை டாக்டர் சீட்டோடு வையுங்கள்.

பிறர் கொடுக்கும் பொட்டலம்

"அங்கே என் மச்சானிடம் இதைக் கொடுத்துவிடுங்கள்" என்று கட்டிய பொட்டலத்தை நீட்டுவது நம்மவர் வழக்கம். பிரித்துப் பாராமல் வாங்காதீர்கள். மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. பிரித்துப் பார்ப்பது அவநம்பிக்கை அல்ல; உள்ளே இருப்பது இன்னதென்று அறிந்தால்தான் அமானிதத்தைக் காக்க முடியும். பிரிக்கச் சம்மதியாதவரிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

அன்புச் சகோதரர்களே! பயணத்தாள் ஆயத்தமானதும் அதை உங்கள் ஊர் ஆலிமிடம் ஒருமுறை காட்டுங்கள். எந்த நாள் எந்த ஊரில் கஸ்ரு, எங்கே முழுத் தொழுகை என்று அவர் குறித்துக் கொடுத்ததை வீட்டார் அனைவருக்கும் படித்துக் காட்டுங்கள். ஒரு தொழுகையும் தவறாமல் ஊர் சுற்றித் திரும்பலாம் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டுகொள்வார்கள். வல்ல ரஹ்மான் நம் பயணங்களை இலேசாக்கி, நலமுடன் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.