மாற்றிப் பேசும் சோதனைகள்
மென்பொருள் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்



நம் வீடுகளில் கணினி படிக்கும் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலேயே ஜோஹோ நிறுவனம் இயங்குகிறது. மதிப்பெண் மட்டும் இருந்தால் இந்தத் துறையில் போதாது. “நீ செய்த வேலையைக் காட்டு” என்று கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். செலவில்லாமல் அதைச் சேர்த்துக்கொள்ள ஒரு வழியை இங்கே பார்ப்போம்.

சோதனை என்பது என்ன?

“பண்பொழி” என்ற சொல்லில் ப, ண், பொ, ழி என 4 எழுத்துகள் உள்ளன. கணினியோ அதை 7 குறியீடுகளாகச் சேமிக்கிறது. தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணும் நிரல் ஒன்றை எழுதினால், “பண்பொழி என்று கொடுத்தால் 4 என்று வருகிறதா?” என்று சரிபார்க்க இன்னொரு சிறு நிரலையும் எழுதி வைப்பார்கள். அதுதான் தானியங்கிச் சோதனை. சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு.

யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு உலகின் பல மூலைகளிலிருந்து திருத்தங்கள் வரும். ஒவ்வொரு முறையும் சோதனைகள் எல்லாம் தாமாகவே ஓடும். முகம் தெரியாதவர் அனுப்பிய நிரலை நம்பிச் சேர்க்க இந்தப் பச்சைதான் சாட்சி.

சாட்சி மாற்றிப் பேசினால்?

நிரலில் ஒரு எழுத்தும் மாறாமலே, ஒரே சோதனை ஒருமுறை பச்சையும் மறுமுறை சிவப்பும் காட்டுவது உண்டு. இதை ஃப்ளேக்கி டெஸ்ட் என்பார்கள். நாம் நிலையற்ற சோதனை என்போம். கூகுள் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்குள்ள சோதனைகளில் ஏறத்தாழ 16 சதவீதம் ஓரளவாவது இப்படிப்பட்டவை. பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிய நிகழ்வுகளில் 84 சதவீதத்தில் நிலையற்ற சோதனையே சம்பந்தப்பட்டிருந்தது.

அடிக்கடி மாற்றிப் பேசும் சாட்சி ஒருநாள் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையான பிழை வரும்போதும் “இது எப்போதும் இப்படித்தான்” என்று கடந்து போய்விடுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

காரணங்கள்

அப்பாச்சி அறக்கட்டளையின் 51 ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில், இத்தகைய சோதனைகள் தொடர்பான 201 திருத்தங்களை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. அதில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த காரணங்கள் இவை:

1. காத்திருப்பு (சுமார் 45 சதவீதம்): “ஒரு விநாடி பொறு, பிறகு விடையைப் பார்” என்று எழுதியிருப்பார்கள். கணினி மெதுவாக ஓடும் நாளில் விடை வந்திருக்காது. கடிகாரம் பார்த்துச் சோறு வடிக்காமல் பதம் பார்த்து வடிப்பதுபோல, விடை வந்ததா என்று பார்த்துத் தொடர வேண்டும்.

2. ஒரே நேர மோதல் (சுமார் 20 சதவீதம்): நிரலின் இரு பகுதிகள் ஒரே தகவலை ஒரே சமயத்தில் மாற்றுவது. ஒன்று முடிந்த பிறகே மற்றது தொடும்படி செய்ய வேண்டும்.

3. வரிசை (சுமார் 12 சதவீதம்): முந்தைய சோதனை விட்டுச் சென்ற மிச்சம் அடுத்ததைக் கெடுப்பது. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைத் தானே தயார் செய்து, முடிந்ததும் துடைத்துவிட வேண்டும்.

நம் நாட்டில் இருப்பவர் கண்ணில் எளிதில் படும் இன்னொரு காரணமும் உண்டு. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை நமக்கு இன்றைய தேதி. பொது நேரத்தில் நேற்றைய தேதி. ஓரிடத்தில் உள்ளூர்த் தேதியையும் இன்னோரிடத்தில் பொதுத் தேதியையும் எடுத்து ஒப்பிடும் சோதனை, சஹர் நேரத்தில் சிவப்பாகவும் காலை பத்து மணிக்குப் பச்சையாகவும் இருக்கும். குளிர்காலத்து லண்டனில் இருப்பவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. சோதனைக்குள் ஒரு குறிப்பிட்ட நேரத்தை நிலையாகக் கொடுத்துவிட்டால் எந்த நேரத்தில் ஓட்டினாலும் ஒரே விடை வரும்.

என்ன செய்யக் கூடாது?

பச்சை வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டக் கூடாது. ஓர் உண்மையான பிழை பத்தில் ஒருமுறைதான் தலைகாட்டும் என்று வைத்துக்கொள்வோம். “மூன்று முறையில் ஒருமுறை பச்சை வந்தால் போதும்” என்று விதி வைத்தால், அந்தப் பிழை ஆயிரத்தில் 999 தடவை பிடிபடாமல் தப்பிவிடும். பேசாமல் சோதனையை நீக்குவதும் தவறு. பிழை இருந்தால் அது அங்கேயே தங்கிவிடும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் சிவப்பு வந்த செய்தியை அப்படியே சேமியுங்கள். எந்த நேரம், எந்தக் கணினி, எந்த வரிசை என்பதையும் குறியுங்கள்.

அந்தச் சோதனையைத் தனியாக நூறு முறை ஓட்டுங்கள். பிறகு மற்றவற்றோடு சேர்த்து, வரிசையை மாற்றி ஓட்டுங்கள். பைத்தானில் பைடெஸ்ட்-ரேண்டம்லி என்ற இலவசக் கருவி வரிசையைக் குலுக்கும்; அதே வரிசையை மீண்டும் கொண்டுவர ஓர் எண்ணையும் தரும். தனியாக ஓடினால் பச்சை, கூட்டத்தோடு ஓடினால் சிவப்பு என்றால் பெரும்பாலும் மிச்சம்தான் காரணம்.

உடனே திருத்த முடியாவிட்டால் அதைத் தனியே ஒதுக்கி வையுங்கள். ஏன் ஒதுக்கினோம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள்.

திருத்திய பிறகு பத்து முறை பச்சை வந்தாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். பத்தில் ஒருமுறை தவறும் சோதனை, எதையும் திருத்தாமலே பத்து முறை தொடர்ந்து பச்சை காட்ட 35 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஐம்பது முறை ஓட்டினால் அந்த வாய்ப்பு சுமார் அரை சதவீதம்தான்.

எங்கே தொடங்குவது?

தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு கிட்ஹப் தளத்தில் உள்ளது. சோதனைகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதை அதில் வாசித்துப் பழகலாம். அதே தளத்தில் நிலையற்ற சோதனைகளின் பன்னாட்டுப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. எந்தத் திட்டத்தில் எந்தச் சோதனை மாறுகிறது, திருத்தம் அனுப்பப்பட்டதா, ஏற்கப்பட்டதா என்பதெல்லாம் அதில் உண்டு. கையில் எடுக்காத ஒன்றைத் தேர்ந்து முயலலாம்.

ஏற்கப்பட்ட திருத்தம் அனுப்பியவர் பெயரோடும் தேதியோடும் பதிவாகும். எந்த நிறுவனமும் அதைத் திறந்து பார்க்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை ஒரு வாரம் உட்கார்ந்து மூன்று வரிதான் மாற்றியிருக்கலாம். அந்த மூன்று வரிக்குப் பின்னால், காரணத்தைத் தேடி நூறு முறை ஓட்டிப் பார்த்த பொறுமை இருக்கிறது. “இவ்வளவுதானா?” என்று கேட்காமல், “காரணம் என்னவாக இருந்தது?” என்று கேளுங்கள். அதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை நேர்முகத் தேர்விலும் சொல்லிவிடும்.