ரோஜாப் பெயர் கொண்ட மீன்

மாசிக் கருவாடு பார்த்திருப்பீர்களா? கட்டை போலக் கெட்டியாக இருக்கும். இடித்துத்தான் சமைப்பார்கள். மாசிக்குப் பெயர் போன நாடு மாலத்தீவு. நம் லட்சத்தீவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னத் தீவுகள் சேர்ந்த நாடு அது. எல்லாம் பவளப்பாறையால் ஆன தீவுகள்.

அந்தக் கடலில் ஒரு சிறிய மீன் இருக்கிறது. குழம்புக்கு ஆகிற மீன் இல்லை. அழகுக்காகக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன். ரோஜா, ஊதா, ஆரஞ்சு என்று பல நிறம் அதன் உடம்பில் உண்டு. 40 மீட்டர் முதல் 70 மீட்டர் ஆழத்தில் பவளப்பாறை ஓரமாக வாழ்கிறது. இரண்டு உயரமான தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துங்கள். 40 மீட்டர் என்பது ஏறக்குறைய அவ்வளவு ஆழம். அங்கே வெளிச்சம் மங்கலாக இருக்கும்.

இந்த மீனை 1990களிலேயே பார்த்துவிட்டார்கள். ஆனால் அதற்கென்று தனிப் பெயர் கிடைக்க 2022 ஆகிவிட்டது. ஏன் இத்தனை காலம்?

மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டர் தூரத்தில் சாகோஸ் தீவுகள் உள்ளன. அங்கே கிடைத்த ஒரே ஒரு மீனை வைத்து 1983இல் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது குஞ்சு மீன். மாலத்தீவு மீன்கள் வளர்ந்த மீன்கள். "அந்தக் குஞ்சு வளர்ந்தால் இப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படி நினைத்ததில் தப்பில்லை. இந்த வகை மீனில் குஞ்சுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம், ஆணுக்கு வேறு நிறம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. இவை பெண்ணாக வளர்ந்து, பிறகு ஆணாக மாறக்கூடியவை! எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. உண்மைதான்.

ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. எண்ண வேண்டும், அளக்க வேண்டும். விஞ்ஞானிகள் அதைத்தான் செய்தார்கள். உடம்பின் பல இடங்களில் எத்தனை வரிசை செதில் என்று எண்ணினார்கள். முதுகுத் துடுப்பைத் தாங்கும் முள் எவ்வளவு உயரம் என்று அளந்தார்கள். இரண்டு மீன்களின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. இரண்டும் வேறு வேறு மீன்கள்!

இப்படிக் கண்டுபிடித்ததை எழுத்தில் பதிய வேண்டும். அதற்கு முறை இருக்கிறது. ஒரு மீனை மாதிரியாக எடுத்து ஆல்கஹாலில் போட்டு, அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைப்பார்கள். ஆல்கஹாலில் போட்டால் மீனின் நிறம் போய்விடும். அதனால் முன்பே படம் எடுத்துவிடுவார்கள். பிறகு செதில், முள், நீளம், நிறம் எல்லாவற்றையும் விவரமாக எழுதி அச்சிடுவார்கள். நாளை யாருக்காவது சந்தேகம் வந்தால், அந்த மாதிரி மீனை எடுத்து மறுபடியும் எண்ணிப் பார்க்கலாம்.

பெயர் என்ன தெரியுமா? சிரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா. முதல் பாதி குடும்பப் பெயர் மாதிரி. இரண்டாவது பாதி திவேகிச் சொல். திவேகி மாலத்தீவின் மொழி. நம் மினிக்காய் தீவிலும் அந்த மொழியைப் பேசுகிறார்கள். ஃபினிஃபென்மா என்றால் ரோஜா. ரோஜாதான் மாலத்தீவின் தேசிய மலர்.

இந்த மீனைப் பற்றி எழுதிய நால்வரில் ஒருவர் அகமது நஜீப். அந்த நாட்டுக்காரர். அதற்கு முன் மாலத்தீவு மீன்களுக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் வெளிநாட்டவர்கள். தன் கடல் மீனுக்கு இப்படிப் பெயர் எழுதிய முதல் மாலத்தீவு விஞ்ஞானி இவர்தான்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. பெயர் வைக்கும் முன்பே இந்த மீனைப் பிடித்து வெளிநாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள், தொட்டியில் வளர்ப்பதற்காக. இன்னொரு மீனின் பெயரில் விற்றால், இது எத்தனை பிடிபட்டது என்று எந்தக் கணக்கில் எழுதுவது? நல்ல வேளை, இந்த மீன் அங்கே நிறைய இருக்கிறது.

எழுதிப் பாருங்கள்:
சாளை, சூடை இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நீங்கள் எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள்? கண், செதில், வயிறு, வால் எல்லாம் பார்த்து நான்கு வரி எழுதுங்கள். அடுத்த வகுப்பில் படித்துக் காட்டுங்கள். உங்கள் வரிகளைக் கேட்டே மற்றவர்கள் மீனைச் சொல்லிவிடுகிறார்களா என்று பார்ப்போம்.