மறதியா, மன்னிப்பா? ஓர் ஆர்தர் கதையும் அதன் வாசகரும்

பழங்கதை ஒன்றைப் புதிய நோக்கில் எடுத்துரைப்பதை மீள்கூறல் என்பர். பிரித்தானியாவின் ஆர்தர் மன்னன் கதை அவ்வாறு பல நூற்றாண்டுகளாக எழுதப்பட்டு வருகின்றது. தோமஸ் மலோரி எழுதி 1485இல் அச்சான நூல் அவற்றுள் புகழ்பெற்றது. கசுவோ இஷிகுரோ 2015இல் வெளியிட்ட ‘த பரீட் ஜயன்ட்’ (புதையுண்ட இராட்சதன்) என்னும் ஆங்கில நாவல் அவ்வரிசையில் வந்த ஒன்றாகும். அந்நாவலையும் அதனை வாசித்தோர் கூறிய கருத்துக்களையும் இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

இஷிகுரோ 1954இல் யப்பானின் நாகசாகியில் பிறந்து, ஐந்து வயதில் இங்கிலாந்து சென்றவர். 2017இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

ஆர்தர் இறந்து சில காலத்தின் பின்னர் கதை நிகழ்கிறது. அக்ஸல், பியாட்ரிஸ் என்னும் முதிய தம்பதியர் தம் மகனைத் தேடிப் புறப்படுகின்றனர். நாடெங்கும் பரவிய மூடுபனி மக்களின் நினைவுகளை அழித்து வருகிறது. குவெரிக் என்னும் பெண் டிராகனின் மூச்சே அம்மூடுபனி. ஆர்தரின் படையினர் சாக்சன் இனத்துப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை இரு இனத்தாரும் மறக்கவேண்டும் என்பதற்காக, மேர்லின் அந்த மூச்சில் மந்திரம் இட்டிருந்தான். முதுமையடைந்த வீரன் கவெய்ன் அந்த டிராகனைக் காத்து நிற்கிறான். அதைக் கொல்ல வருபவன் விஸ்டன் என்னும் சாக்சன் வீரன். டிராகன் இறந்தால் நினைவுகள் திரும்பும். பழிவாங்கும் போரும் திரும்பும்.

நூலுக்குக் கிடைத்த வரவேற்பு ஒரே விதமாக இருக்கவில்லை. வாசகர் இதனை வெறும் கற்பனைக் கதை என்று ஒதுக்கிவிடுவார்களோ என இஷிகுரோ ஒரு நேர்காணலில் ஐயம் தெரிவித்திருந்தார். மிகுகற்பனை இலக்கியத்தில் பெயர்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின், அது அவ்விலக்கிய வகையை இழிவுபடுத்துவதாகக் கருதிக் கண்டித்தார். தாம் டிராகன்களின் பக்கமே நிற்பதாக இஷிகுரோ விளக்கமளித்தார். தாம் அவசரப்பட்டுவிட்டதாக லெ குவினும் பின்னர் ஏற்றுக்கொண்டார். கருத்து முரண்பாட்டை நாகரிகமாக முடித்துக்கொள்ளும் முறையை இதிலிருந்து நாம் கற்கலாம்.

விமர்சகர் ஜேம்ஸ் வூட், நாவலின் உருவகம் சரியாகப் பொருந்தவில்லை எனக் குறை கண்டார். எழுத்தாளர் நீல் கெய்மன் நூலை உயர்வாக மதித்தபோதிலும், மறைந்துநிற்கும் உருவகத்தால் அதன்மீது முழு அன்பு கொள்ள இயலவில்லை என்றார். உரையாடல்களைக் குறைகூறிய வாசகர்களும் உண்டு. அக்ஸல் தன் மனைவியை எந்நேரமும் “இளவரசி” என்றே அழைப்பது சிலருக்குச் சலிப்பைத் தந்தது. என் பார்வையில் அந்த அழைப்புத் தேவையானதே. நினைவுகள் யாவும் போனபின்னரும் எஞ்சியிருக்கும் அன்பின் அடையாளம் அது. இறுதியில் அவர்களிடையே இருந்த பழைய மனக்காயம் வெளிப்படும்போதுதான் அச்சொல்லின் பெறுமதி புரிகிறது.

ருவாண்டாவிலும் முன்னைய யூகோஸ்லாவியாவிலும் அயலவரே அயலவரைக் கொன்ற நிகழ்வுகள் தம்மைச் சிந்திக்க வைத்ததாக இஷிகுரோ கூறியுள்ளார். எந்தவொரு நாட்டுக்கும் உரியதாகக் கதை சுருங்கிவிடக் கூடாது என்பதற்காகவே பழங்காலத்தைத் தெரிவு செய்தார். ஆகவே, உருவகம் ஓரிடத்தில் மட்டும் பொருந்தாமல் நிற்பதை நான் குறையாகக் கொள்ளவில்லை. போரைக் கண்ட நாட்டில் வாழும் நமக்கும் அக்கேள்வி உரியதாகிறது.

மறதியால் வரும் அமைதி போதுமானதா? கவெய்ன் போதும் என்கிறான். அவனது வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மூடுபனி இருந்தவரை இரு இனத்துக் குழந்தைகளும் போரின்றி வளர்ந்தனர். ஆயினும் மறதி வேறு, மன்னிப்பு வேறு. கொலையுண்டவரின் உறவினருக்கே மன்னிக்கும் உரிமையை இஸ்லாம் வழங்குகிறது. நடந்ததை அறியாத ஒருவர் அவ்வுரிமையை எவ்வாறு பயன்படுத்துவார்? மேர்லினின் மந்திரம் சாக்சன் மக்களிடமிருந்து பறித்தது அந்த உரிமையையே. அதேவேளை, பிரித்தானியர் அனைவரையும் வெறுக்கும்படி சிறுவன் எட்வினிடம் வாக்குறுதி கேட்கும் விஸ்டனும் நீதியை நிலைநாட்டவில்லை.

உண்மையை அறிந்தபின்னரும் வெறுக்காதிருக்கும் வழியை இந்நாவலில் எந்த வீரனும் காட்டவில்லை. கசப்பான நினைவுகள் திரும்பிய பின்னரும் ஒருவர்மீது ஒருவர் அன்பு குறையாதிருக்க முயலும் அந்த முதிய தம்பதியரே அதற்கு அருகில் வருகின்றனர். உயர்தர வகுப்பு மாணவியர் இந்நூலை வாசித்து, கவெய்ன், விஸ்டன் ஆகிய இருவரின் வாதங்களையும் வகுப்பில் விவாதித்துப் பார்க்கலாம். பெற்றோரும் அதில் கலந்துகொண்டால், போர்க்காலத்தை நேரில் கண்டோரின் கருத்தையும் நாம் கேட்டறியலாம்.